ஆறு மணிக்கு மேல் ஹட்டன்

ராக்காயி அக்காவை வேலைக்கு எடுத்த அன்று பாவா முதலாளி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"பேக்கரி வேல தெரியுமா புள்ள?"

"தெரியும் முதலாளி." அக்கா கண்கூட இமைக்கவில்லை.

மறுநாள் காலையில் மாவு பிசையக் கூட்டிப் போனால், ஈஸ்ட் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது என்னா நிஷா, எலி மருந்தா?" என்று என் காதோடு கேட்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் அந்தக் கடையின் கவுண்டரில் நின்ற நிஷாந்தி. வாய்க்காரி என்று ஹட்டன் பஜாரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. "தெரியாட்டி தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே, எதுக்கு இந்தப் புளுகு?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. மாவு மேசையைத் துடைத்துக்கொண்டே விவரம் சொன்னாள். தமிழ்நாட்டில் அவர்கள் இருந்த அகதி முகாமின் வாசலுக்கு விடியற்காலையில் மேஸ்திரிமார் லாரி கொண்டுவந்து நிறுத்துவார்களாம். பெயின்ட் அடிக்கத் தெரிஞ்சவன் யாரு, கம்பி கட்டத் தெரிஞ்சவன் யாரு என்று சத்தம் போடுவார்களாம். கை தூக்கியவன் லாரியில் ஏறுவான், யோசித்தவன் வீட்டுக்குத் திரும்புவான்.

"தெரியாதுன்னு சொல்ல அங்க யாருக்கும் வசதி இல்ல புள்ள. மொதல்ல ஏறிக்கணும். அப்புறம் பக்கத்துல இருக்கவனப் பாத்துக் கத்துக்கணும்" என்றாள்.

பார்த்துக் கற்றுக்கொண்டு பெரிய பேக்கரிக்காரி ஆனாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. முதலை உருவத்தில் வர வேண்டிய கிம்புலா பனிஸ் கடைசிவரை அவள் கையில் ஓணானாகத்தான் வந்தது. பொகவந்தலாவை பஸ்ஸுக்கு ஓடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் நான் அதையே "இன்னைக்குப் புது மாடல்" என்று சொல்லித் தள்ளிவிடுவேன். இப்போது நான் மஸ்கெலியாவில் இருக்கும் முதலாளியின் இரண்டாவது கடையில் இருக்கிறேன். இங்கே வருகிற பனிஸ் எல்லாம் ஒழுங்கான முதலைகள். அவற்றைத் தட்டில் அடுக்கும்போது எனக்கு அந்த ஓணான்கள்தான் ஞாபகம் வரும்.

அக்காவை முதலாளி ஏன் எடுத்தார் என்று முதலில் எங்களுக்குச் சந்தேகம் இருந்தது. நாட்டில் பணநெருக்கடி வந்த வருடம் கடையில் வேலை செய்த பையன்கள் எல்லாம் கட்டாருக்கும் துபாய்க்கும் பறந்துவிட்டார்கள். பேக்கரி அடுப்பான போறணைக்கு முன்னால் வெந்துகொண்டு நிற்க விஜிதரன் அண்ணன் ஒருவர்தான் மிச்சம். அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் ஹட்டன் வியாபாரிகளைக் கூட்டி, இந்தியாவிலிருந்து திரும்பி வந்த அகதிக் குடும்பங்களுக்கு வேலை கொடுக்க யார் முன்வருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் கேக்கையும் தேநீரையும் பார்த்துக்கொண்டிருக்க, பாவா முதலாளி கை தூக்கினாராம். குறைந்த சம்பளத்துக்கு ஆள் பிடிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன், விஜிதரன் அண்ணனிடம் சொல்லவும் சொன்னேன். ஆனால் எங்களுக்கு என்ன சம்பளமோ அதுவேதான் அவளுக்கும்.

முதலாளியும் ஹட்டன்காரர் இல்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம் சனங்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றியபோது, உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த குடும்பம். அங்கே கொட்டிலில் வளர்ந்து, ஹட்டனில் பெண் எடுத்து, மாமனாரின் தேத்தண்ணிக் கடையைப் பேக்கரி ஆக்கினார். இதை அவர் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. அவர் மனைவி செரீபா உம்மாதான் நோன்பு நாட்களில் கஞ்சி கொடுக்கும்போது துண்டு துண்டாகச் சொல்வார்.

அதே தொண்ணூறில்தான் ராக்காயி அக்காவின் குடும்பமும் படகு ஏறியிருக்கிறது. அவள் அப்பா பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்துக்குப் பயந்து வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர். அங்கே சண்டை வந்ததும் மனைவி மக்களோடு இராமேஸ்வரம் போய் இறங்கினார். அப்போது அக்கா சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு திருச்சிப் பக்கத்து முகாமிலேயே பெரிய மனுஷியாகி, அங்கேயே லோஜன் என்ற பெயின்டரைக் கட்டி, அங்கேயே ஒரு மகளும் பெற்று, நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் திரும்பி வந்தாள். அப்பா அந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"சாகுற வரைக்கும் பொகவந்தலாவ, பொகவந்தலாவன்னே பேசுவாரு நிஷா. அந்தப் பனி, அந்தத் தண்ணி, அந்தக் கொழுந்து வாசம்னு. கேட்டுக் கேட்டு நாங்க எல்லாம் அங்கயே பொறந்த மாதிரி ஆயிட்டோம். அதான் வந்தேன்" என்பாள்.

வந்தவளுக்கு இங்கே கிடைத்தது மாமன் மகன் தயவில் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்று. தமிழ்நாட்டில் சிலோன்காரி என்றார்களாம். லயத்துச் சனம் இந்தியாக்காரி என்றது. லோஜன் அண்ணன் பாடு இன்னும் மோசம். ஹட்டனில் அடித்த பெயின்ட் எந்தக் காலத்தில் காய்ந்தது? இரண்டு வீட்டுச் சுவரை மழையில் கரையவிட்டு ஏச்சு வாங்கிக்கொண்டு, மனுஷன் கொழும்புக்கு வேலை தேடிப் போய்விட்டார். மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார்.

மகள் சுலக்ஷனா மட்டும் வரவில்லை. திருச்சியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தது. முகாமிலேயே அக்காவின் தங்கை லெட்சுமி வீட்டில் தங்கியிருந்தது. படிப்பு முடிந்ததும் இங்கே வருமா, அங்கேயே இருந்துவிடுமா என்பதுதான் அக்காவுக்கு விழித்திருந்தாலும் தூங்கினாலும் ஒரே யோசனை. முகாமில் பிறந்த பிள்ளைக்கு அது பழகிய மண். சிநேகிதிகள் எல்லாம் அங்கே. "வந்து லயத்துல குந்திக்கிட்டு இருக்க என்னால ஏலாதும்மா. வேலை இருந்தா சொல்லு, வரேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டது. அக்கா எங்கள் கடைக்கு வந்ததே அதற்காகத்தான். கடையில் நின்று காட்டினால் மகளுக்கும் ஒரு இடம் கேட்கலாம் என்ற நம்பிக்கை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் அக்கா கேட்பதெல்லாம் முகாமைப் பற்றித்தான். தண்ணி வந்துச்சா, வேப்ப மரத்துக் கிளைய வெட்டிட்டாங்களா, எதிர் வீட்டுல பிள்ளை பொறந்துச்சா, மாரியம்மன் கோயில் கூழ் இந்த வருஷம் யாரு ஊத்துறாங்க. ஒரு நாள் சுலக்ஷனாவே கேட்டுவிட்டது. "நீ மனச இங்கயே வச்சுட்டுப் போயிருக்க. பெறகு எதுக்கும்மா என்னைய அங்க கூப்புடுற?" போனை வைத்துவிட்டு அக்கா மாவுக் கையோடு அப்படியே நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஏசுவதைத் தவிர ஆறுதல் சொல்ல எனக்கு வேறு வழி தெரியாது. "ஒங்களுக்குக் கூறு இருக்கா அக்கா? பிள்ளைகிட்ட இங்கத்தி விஷயத்தச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகாம் கதைகளைக் கேட்பதற்காகவே நான் கவுண்டரை விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடுவேன். அட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கு விக்கல் எடுத்தால் இந்தப் பக்கத்திலிருந்து "தண்ணியக் குடி" என்று குரல் வருமாம். கல்யாணம் என்றால் வீட்டுக்கு ஒரு கறி ஆக்குவார்களாம். மாப்பிள்ளை ஊர்வலம் வெளியே போகக் கூடாதென்பதால் தண்ணீர்த் தாங்கியையே மூன்று தரம் சுற்றி வருமாம். கடைசிச் சுற்றில் மாப்பிள்ளைக்குத் தலை சுற்றுவது வழக்கம் என்பாள்.

எல்லாவற்றையும்விட அவள் சொன்ன மாலை நேரங்கள்தான் எனக்குப் பிடிக்கும். அவள் குமரியாக இருந்த காலத்தில் முகாமில் கெடுபிடி அதிகம். யாராக இருந்தாலும் மாலை ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். வெளியே தங்க வேண்டும் என்றால் முன்கூட்டியே அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். "ஆறு மணிக்கு அத்தன பேரும் உள்ள நிப்போம் புள்ள. எங்க போக? அதனால பொழுது பட்டா திருவிழாதான். ஒரு பக்கம் கேரம், ஒரு பக்கம் பேன் பாக்குறது, ஒரு பக்கம் சண்ட. ஒருத்தர் கொறைய மாட்டாங்க." இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அடைத்து வைத்த இடத்தைப் பற்றி ஒருத்தி இவ்வளவு ஆசையாகப் பேசுவாளா என்று முதலில் எனக்கு ஆச்சரியம். பிறகு, லயத்துக் காம்பிராவை விட்டுப் புது வீட்டுக்குப் போன எங்கள் அம்மாவும் அதே முகத்தோடுதான் லயத்தைப் பற்றிப் பேசினாள் என்பது நினைவுக்கு வந்தது.

சிக்கலும் அந்த ஆறு மணியில்தான் இருந்தது. பிற்காலத்தில் முகாமில் அந்தக் கெடுபிடி தளர்ந்துவிட்டதாம். அக்காவின் உடம்பில் அது தளரவில்லை. நான்கரைக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவாள். ஐந்து மணி பஸ்ஸில் ஏறி, இருட்டுவதற்குள் காம்பிராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். ஒரு நாள் நானும் கூடப் போனேன். அங்கே அவளுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. லைட்டைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். முகாமின் அந்த மாலை நேரத்துக்குத்தான் ஓடி வருகிறாள், அது இங்கே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேக்கரிக்கோ மாலையில்தான் வியாபாரம். டியூஷன் விட்ட பிள்ளைகள், கொழும்பு பஸ்ஸில் இறங்குகிறவர்கள், வேலை முடித்து வீட்டுக்குப் பாண் ரொட்டி வாங்கிப் போகிறவர்கள் என்று ஐந்திலிருந்து எட்டு வரை மூச்சு விட நேரம் இருக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் கழன்றுகொண்டால் எந்த முதலாளிக்குத்தான் எரிச்சல் வராது? தீபாவளி நெருங்கியபோது பாவா முதலாளி அக்காவைக் கூப்பிட்டார்.

"மஸ்கெலியாவுல கட தொறக்கப் போறன். நிஷாந்திய அங்க அனுப்பிட்டு ஒண்ட மகள இந்தக் கவுண்டருல போடலாம், படிச்ச புள்ளதானே. ஆனா ஊருக்குப் புதுசா வார கொமர இருட்டுன பொறகு தனிய நிப்பாட்ட ஏலாது. நீ எட்டு மணி மட்டுக்கும் அவளோட நிக்கணும். ஏலுமா?"

"ஏலும் முதலாளி" என்றாள் அக்கா, பேக்கரி வேலை தெரியும் என்று சொன்ன அதே வேகத்தில்.

அன்றே நின்று பார்த்தாள். ஆறு மணி அடிக்கும்போது ஒரு அம்மாவுக்கு ரோல்ஸ் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், பொட்டலத்தைக் கவுண்டரில் போட்டுவிட்டு, மாவு படிந்த ஏப்ரனோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். அடுத்த நாளும் அதே கூத்து. மூன்றாம் நாள் முதலாளி என் முகத்தைப் பார்த்தார். கவுண்டருக்கு வேறு ஆள் தேடப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

அந்த வாரத்தில்தான் பி.எச்.ஐ. மாத்தயா வந்தார். சுகாதாரப் பரிசோதகரான சிங்கள ஐயா. சீருடையும் கையில் ஒரு பைலுமாகத் திடீரென்று கடைக்குள் நுழைந்தார். விஜிதரன் அண்ணன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். போறணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அக்காவிடம் இருந்தது, உள்ளே கிம்புலா பனிஸ் ஒரு அடுக்கு.

அக்கா சீருடையைப் பார்த்தாள், பைலைப் பார்த்தாள். கையைத் துடைத்தாள், தலையை ஒதுக்கினாள். பின்கட்டு முற்றத்துக்கு ஓடிச் சுவரோரமாக விறைப்பாக நின்றுகொண்டாள். "நிஷா, வா வா, வந்து நில்லு, செக்கிங்! எல்லாரையும் கூப்புடு!" என்று என்னையும் இழுத்தாள். மாத்தயா முற்றத்துக்கு வந்ததும் கை கட்டிக்கொண்டு கணீரென்று சொன்னாள்:

"ராக்காயிங்க சார். குடும்பத்துல மூணு பேரு. வீட்டுக்காரரு பெயின்ட் வேலைக்குப் போயிருக்காரு. பொண்ணு காலேஜுக்குப் போயிருக்கு. சாயங்காலம் வந்துருவாங்க சார்."

முகாமில் மாதா மாதம் அதிகாரிகள் வந்து ஆட்களை எண்ணுவார்களாம், வெளியூர் போய்த் திரும்பினால் வந்துவிட்டேன் என்று அவர்களிடம் சொல்லவும் வேண்டுமாம். எண்ணும்போது முன்னால் நிற்காதவர்களின் பெயர் பதிவிலிருந்து வெட்டுப்படும். வீட்டில் இல்லாதவர்களுக்கு அம்மாமார்தான் இப்படிப் பதில் சொல்லிப் பெயரைக் காப்பாற்றுவார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் திருச்சியில் இருக்கும் மகள் சாயங்காலம் வந்துவிடுவாள் என்று ஒரு தாய் சொல்வதுதான். சிரிக்க வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். மாத்தயாவுக்குத் தமிழ் விளங்கவில்லை. "என்ன சொல்கிறார் இவர்?" என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு மூக்கைச் சுளித்து, "ஏதோ கருகுதே" என்றார்.

பனிஸ் கரிக்கட்டையாகியிருந்தது. புகை கடை முழுக்கப் பரவி வாடிக்கையாளர்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். மாத்தயா போன பிறகு முதலாளி அக்காவை ஒரு பிடி பிடிப்பார் என்று காத்திருந்தோம். அவர் கருகிய தட்டுகளைத் தானே எடுத்துக் கொட்டினார். பிறகு பள்ளிவாசலுக்குப் போனவர் இரவுக்கும் வரவில்லை.

மறுநாள் அக்கா முதலாளியிடம் போய் நின்றாள். இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

"முதலாளி, நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் நிப்பேன். ராக்காயி எட்டு மணி வரைக்கும் வெளிய இருக்கலாம்னு எல்லார் முன்னாடியும் சொல்லிருங்க. பர்மிஷன் மாதிரி. அப்ப எனக்குப் பயம் இருக்காது."

நல்ல யோசனைதான். எனக்கே நிம்மதியாக இருந்தது. முதலாளி தாடியைத் தடவிக்கொண்டார்.

"சொல்ல மாட்டன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "என்ன முதலாளி இது? ஒரு வார்த்ததானே, வாய்ல முத்தா உதிந்துரும்?" என்று கேட்டே விட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். "இன்டைக்கு நான் ஒன்ன நிக்கச் சொன்னா, நாளைக்குப் போகச் சொல்லவும் எனக்கு ஏலும் புள்ள. எங்கள ஊர விட்டுப் போகச் சொன்னவங்களும் ஒரு வார்த்ததான் சொன்னாங்க. அந்த வேல எனக்கு வேணாம். நிக்கிறதுண்டா நீயா நில்லு. போறதுண்டா போ, அதுக்காக ஒன்ன வேலைய விட்டு அனுப்ப மாட்டன். ஆனா மகளுக்கு அந்த எடத்தத் தர ஏலாது. எனக்கும் கட நடக்கணும்."

அக்கா அன்று ஐந்து மணிக்கு வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு போனாள். போகட்டும், இனி இவளுக்காக நான் ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று பாண் அடுக்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கடை வாசலில் நிற்கிறாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பஸ் புறப்பட்ட பிறகு நிறுத்தச் சொல்லி இறங்கி வந்திருக்கிறாள்.

"எதையாவது மறந்து வச்சிட்டீங்களா?" என்றேன்.

"இல்ல" என்று என் பக்கத்தில் வந்து நின்றாள்.

மலையில் இருட்டு சீக்கிரம் இறங்கிவிடும். கோயில் மணி கேட்டது. பாங்கு சொன்னார்கள், முதலாளி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு தொழப் போனார். நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா கவுண்டரின் விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் விரல் நகங்கள் வெளுத்திருந்தன. நெற்றியில் வியர்வை, ஹட்டன் குளிரில்! சனம் வந்தது. பாண் கேட்டார்கள், ரோல்ஸ் கேட்டார்கள். ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டே மறு கையால் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு ஆள் வாசலில் நிழலாடும்போதும் திடுக்கிட்டுப் பார்த்தாள். ஏழு மணியாகும் போது மெதுவாக என்னைக் கேட்டாள்.

"நிஷா, நம்மள யாரும் தேடி வரலையா?"

"யாரு அக்கா வருவாங்க? ரோல்ஸ் தேடித்தான் வருவாங்க."

அவள் விளிம்பை விட்டாள். ஒரு பிளேன்டீ ஊற்றி எடுத்துக்கொண்டு நடுவாசலில் போய் நின்றாள். பனி இறங்கியிருந்தது. மஸ்கெலியா பஸ் ஒன்று லைட் போட்டுக்கொண்டு திரும்பியது. டியூஷன் பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவியது. வந்து இத்தனை மாதத்தில் அந்த ஊரின் மாலையை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "இந்த ஊரு இம்புட்டு நேரம் முழிச்சிருக்குமா?" என்றாள். உடனே போனை எடுத்து மகளுக்கு வீடியோ கோல் போட்டாள்.

"அம்மா! மணி என்னாகுது, நீ எங்க நிக்கிற?" என்று அந்தப் பக்கம் பதறியது பிள்ளை.

"ரோட்டுல நிக்கிறேன்டி. டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

"யாரும் ஒன்னும் சொல்லலையா?"

"ஒருத்தரும் ஒன்னும் சொல்லல. இந்தா பாரு." போனைத் திருப்பி, தெருவை, பஸ்களை, பழக் கடைகளை, பனியில் மங்கிய லைட்டுகளை எல்லாம் காட்டினாள். முகாமில் தண்ணி வந்ததா என்று அன்று அவள் கேட்கவே இல்லை. பிறகு, "அந்தப் பக்கம் காட்டும்மா, இன்னும் கொஞ்ச நேரம்" என்றது சுலக்ஷனா. தொழுகை முடித்து வந்த முதலாளி, வாசலில் நின்ற அக்காவைச் சுற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி உள்ளே போனார்.

அதற்குப் பிறகு தினமும் நின்றாள். சில நாள் ஆறு மணிக்குப் பழைய பயம் வரும், அப்போது பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கடை மூடிய பிறகு நாங்கள் இருவரும் மிச்சமான ரோல்ஸைத் தின்றுகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம். அந்த நடையில் அவள் சொன்ன கதைகளில்தான் தண்ணீர்த் தாங்கியும் வேப்ப மரமும் எனக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிப்போயின. என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று யாராவது கேட்டால், கையில் ரோல்ஸும் தலையில் தூறலுமாக நடந்த அந்த மாதங்களைத்தான் சொல்வேன்.

பரீட்சை முடிந்து சுலக்ஷனா வந்தது அடுத்த வருடம். விமான நிலையத்துக்குப் போய் லோஜன் அண்ணன் பஸ்ஸில் கூட்டி வந்தார். கினிகத்தேனையில் பனி மூடி பஸ் ஊர்ந்து வந்ததால் ஹட்டன் வந்து சேர நன்றாக இருட்டிவிட்டது. அக்காவும் நானும் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தோம். நான் மஸ்கெலியாவுக்குப் போக ஒரு வாரம்தான் இருந்தது. பிள்ளைக்குக் கவுண்டர் வேலையைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

மெல்லிய சுடிதாரோடு, ஸ்வெட்டர் கூட இல்லாமல், பல் கிட்டிக்கொண்டு இறங்கியது பிள்ளை. நான் என் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டேன். கட்டிப் பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்த அக்கா அப்படி ஒன்றும் செய்யவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். லோஜன் அண்ணன் பெட்டிகளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சுலக்ஷனா நகரவில்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுப் பார்த்தது. டைம்கீப்பர் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் நின்றிருந்தார். அவரைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் அம்மாவிடம் கேட்டது:

"வந்துட்டேன்னு யாருகிட்ட சொல்லணும்?"

அக்காவின் முகம் ஒரு கணம் கோணிப்போனது. பொலிஸ்காரர் ஓடுகிற பஸ் ஒன்றை ஓரமாகப் போகச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார், எங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா மகளின் இரண்டு தோள்களையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எங்கிட்ட சொல்லு."

"வந்துட்டேம்மா" என்றது பிள்ளை.